நாற்பத்தெட்டு முனைகளும் ஒரு பிளவும்

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூரை நோக்கிச் செல்லும் தாழ்நிலத்துக்கு வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. இந்தத் தாழ்நிலம் தற்செயலாக அமைந்ததல்ல. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நிலத்தின் ஆழத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி, இழுபட்டு, நசுங்கிய பட்டை ஒன்று இவ்வழியே ஏறத்தாழக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. நசுங்கிய பாறை எளிதில் மக்கியது. மக்கியதை ஆறுகள் அரித்துச் சென்றன. இருபுறமும் கெட்டிப் பாறை மலையாக நின்றுவிட்டது. வசிஷ்ட நதி இத்தாழ்வில்தான் ஓடுகிறது.

மேலே நிற்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. செம்மண்ணும் மரவள்ளிக் காடும்தான் தெரியும். எந்த இடத்தில் பாறை உடைந்திருக்கிறது, எத்தனை மீட்டர் ஆழத்தில் கெட்டிப் பாறை தொடங்குகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தோண்டாமல் விடை காண்பதற்கு உள்ள வழிகளில் செலவு குறைந்தது புவி மின்தடை ஆய்வு. ஊரில் இதை ‘மீட்டர் வைத்து நீரோட்டம் பார்ப்பது’ என்பார்கள். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கெட்டிப் பாறை நிலம் என்பதால், நல்ல ஆய்வுக்கும் அரைகுறை ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இங்கே பல விவசாயிகளின் பணத்தோடு தொடர்புடையது. நல்ல ஆய்வு எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு அளவைக் கோட்டை வைத்து, முதலிலிருந்து கடைசிவரை பார்ப்போம்.

முதலில் அளக்கப்படுவது எது என்று தெரியவேண்டும். ஒரு பொருள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிப்பது அதன் மின்தடை எண். அலகு ஓம் மீட்டர். கல்வராயன் மலையின் சார்னோக்கைட் போன்ற கெட்டிப் பாறை, வெடிப்பில்லாமல் இருந்தால் ஆயிரம் ஓம் மீட்டரைத் தாண்டும். பல ஆயிரம்வரைகூடப் போகும். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இட்ட கல், சென்னைப் பகுதியிலிருந்து சென்ற இந்த வகைப் பாறைதான். அதைக் கொண்டே தாமஸ் ஹாலந்து இதற்குப் பெயர் சூட்டினார்.) அதே பாறை மக்கி, துளைகளில் நீர் நிறைந்தால் முப்பது முதல் நூற்றைம்பது ஓம் மீட்டருக்கு இறங்கிவிடும். களிமண் இருபதுக்கும் கீழே. பாறைக் கனிமங்கள் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. துளைகளிலும் வெடிப்புகளிலும் உள்ள உப்புக் கரைந்த நீரும், களிமண்ணும்தான் கடத்துகின்றன. ஆகவே மின்தடை எண் குறைந்த இடம் என்றால் அங்கே பாறை உடைந்தோ மக்கியோ இருக்கிறது என்று பொருள். நல்ல தண்ணீர் இருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆய்வுக்காரர் இந்த வரம்பை மறக்காமல் இருப்பதே பாதித் தேர்ச்சி.

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பாறையை அறியும் முயற்சியை 1912-இல் பிரான்சின் நார்மண்டியில் கான்ராட் ஷ்லம்பர்ஜர் நடத்திக் காட்டினார். 1915-இல் அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர், நான்கு மின்முனைகளைச் சம இடைவெளியில் வைத்து நிலத்தின் மின்தடை எண்ணை அளக்கும் முறையை வெளியிட்டார். ஏன் நான்கு? இரண்டே முனைகளை வைத்தால், முனைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள தொடுதடை அளவீட்டில் கலந்துவிடும். வறண்ட செம்மண்ணில் அது நிலத்தின் தடையையே விழுங்கிவிடும். வெளி முனைகள் இரண்டும் மின்னோட்டத்தைச் செலுத்தட்டும், உள் முனைகள் இரண்டும் மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் அளக்கட்டும் என்று வேலையைப் பிரித்துவிட்டால், அளக்கும் சுற்றில் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஓடாது. தொடுதடை கணக்கில் நுழையாது. இன்றைய கணினிக் கருவிகளும் இந்த எளிய பிரிவினையின் மேல்தான் நிற்கின்றன.

வேலை மேசையில் தொடங்குகிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஓடை திடீரென்று நேர்கோட்டில் ஓடும் இடம், மரங்கள் ஒரே வரிசையில் பசுமையாக நிற்கும் இடம், இரண்டு மண் நிறங்கள் நேராகச் சந்திக்கும் இடம் ஆகியவற்றைப் பென்சிலால் இணைத்தால், பிளவு இருக்கக்கூடிய கோடுகள் கிடைக்கும். பிறகு ஊருக்குள் போய்ப் பழைய கிணறுகளைப் பார்க்கவேண்டும். கிணற்றுச் சுவரில் எத்தனை அடிவரை மண், எங்கே மக்கிய பாறை, எங்கே வெடிமருந்து வைத்து உடைத்தார்கள் என்பதெல்லாம் காசு கொடுக்காமல் கிடைக்கும் நிலவறிவு. அரைநாள் இதற்குச் செலவிடாத ஆய்வுக்குழு, பின்னால் திரையில் வரும் நிறங்களை எதோடு ஒப்பிடும் என்று எனக்குப் புரிவதில்லை.

அடுத்தது கோட்டின் திசை. தேடும் பிளவு கிழக்கு மேற்காக ஓடுவதால், அளவைக் கோடு தெற்கு வடக்காக, பிளவைச் செங்குத்தாக வெட்டவேண்டும். சாய்வாக வெட்டினால் பிளவு உள்ளதைவிட அகலமாகவும், அதன் சரிவு உள்ளதைவிடக் குறைவாகவும் தெரியும். கோட்டின் நடுப்பகுதி, சந்தேகப்படும் இடத்தின் மேல் விழவேண்டும். காரணம் சற்றுப் பின்னால் வரும். உயரழுத்த மின்கம்பி, மின்மாற்றியின் எர்த் குழி, இரும்புக் குழாய், கம்பிவேலி, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றின் (போர்) இரும்புக் கேசிங் ஆகியவற்றிலிருந்து கோடு விலகிச் செல்லவேண்டும். கம்பிவேலிக்கு இணையாகப் போட்ட கோடு வேலியைத்தான் அளக்கும்.

இடைவெளியை முடிவு செய்யும்போது ஆழமும் துல்லியமும் ஒன்றையொன்று இழுக்கும். நம் கோட்டில் 48 முனைகள், 5 மீட்டருக்கு ஒன்று. மொத்த நீளம் 235 மீட்டர். வென்னர் அமைப்பில் நான்கு முனைகளின் இடைவெளியை 5 மீட்டரில் தொடங்கி 75 மீட்டர்வரை விரிக்கலாம். ஆராயப்படும் ஆழம் தோராயமாக அந்த இடைவெளியில் பாதிக்குச் சற்று மேல்: 5 மீட்டருக்கு 2.6 மீட்டர், 75 மீட்டருக்கு 39 மீட்டர். முனைகளை 10 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் ஆழம் இரட்டிக்கும். ஆனால் அகலம் குறைந்த பிளவு இரண்டு முனைகளுக்கு நடுவே தெளிவில்லாமல் போகும்.

களத்தில் முதல் வேலை டேப் பிடிப்பது. 235 மீட்டருக்கு நேர்கோடு போட்டு, ஐந்து மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி. வரப்பு குறுக்கே வந்தால் டேப்பை மட்டமாகப் பிடித்து அளக்கவேண்டும். ஒவ்வொரு குச்சியின் உயரமும் மட்டக் கருவியால் குறிக்கப்படும். மேட்டின் அடியிலும் பள்ளத்தின் அடியிலும் மின்னோட்டம் பரவும் விதம் மாறுவதால், உயரத்தை விட்டுவிட்டால் மேடும் பள்ளமும் படத்தில் பொய்யான பாறை அடுக்குகளாக வந்து நிற்கும்.

பிறகு முனை அடித்தல். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, நீளம் சுமார் அரை மீட்டர். சம்மட்டியால் 20 சென்டிமீட்டர் இறங்கும்வரை அடிக்கப்படும். அதற்கு மேல் அடிக்காததற்குக் காரணம் உண்டு. கணக்கில் ஒவ்வொரு முனையும் ஒரு புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. இறங்கிய ஆழம் இடைவெளியில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாதவரைதான் அப்படிக் கொள்வது செல்லும். 5 மீட்டரில் இருபதில் ஒரு பங்கு 25 சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டரில் நிறுத்தினால் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. கம்பி ஆடக்கூடாது, ஆடினால் சுற்றிலும் மிதித்து மண்ணை இறுக்கவேண்டும். சுக்கான் கல் தடுத்தால் கோட்டுக்குக் குறுக்காக ஓரிரு கையகலம் தள்ளி அடிக்கலாம். கோட்டின் நீளவாக்கில் தள்ளக்கூடாது. இடைவெளி மாறினால் கணக்கு மாறும்.

கம்பியடியில் உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு குடத்துக்கு ஒரு கைப்பிடி உப்பு போதும். கம்பிக்கு அரை லிட்டர் அளவு. வழிந்தோடி அடுத்த கம்பியின் ஈரத்தோடு சேருமளவுக்கு ஊற்றுவது வேலையைக் கெடுக்கும். சற்று ஊறியபின் கேபிளை நீட்டி, ஒவ்வொரு கிளிப்பையும் அதற்குரிய கம்பியில் மாட்டவேண்டும். கேபிள் சிக்கில்லாமல், முனை எண் வரிசை பிசகாமல் இருக்கிறதா என்று ஒருவர் கோடு முழுவதும் நடந்து பார்ப்பார். பதினேழாம் கிளிப் பதினெட்டாம் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், அந்தப் பிழை எந்தக் கணினிக்கும் தெரியாது. அது படத்தில் ஒரு அழகான பிளவாக வந்து நிற்கும்.

இப்போது கருவி. 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் இந்தப் பெட்டி, வெளியே நூற்றுக்கணக்கான வோல்ட் தரக்கூடியது. எனவே இயக்குவதற்கு முன் கோட்டை விட்டு எல்லோரும் விலகியாக வேண்டும். ஆடுமாடு வரும் பக்கம் ஓர் ஆள் நிற்பார். முதலில் தொடுதடைச் சோதனை. பக்கத்துப் பக்கத்து முனைகளை இணைத்துப் பார்த்துக் கருவி எண்களைக் காட்டும். 2000 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. தொடுதடை அளவீட்டில் கலப்பதில்லை என்று மேலே சொன்னது உண்மைதான். ஆனால் அது மிகுந்தால் போதிய மின்னோட்டம் நிலத்துக்குள் போகாது, கிடைக்கும் மின்னழுத்தம் இரைச்சலில் மூழ்கும். கோடையில் வறண்ட செம்மண்ணில் சில முனைகள் பத்தாயிரம் ஓம் காட்டும். அவற்றுக்கு மறுபடி தண்ணீர், அல்லது அரையடி தள்ளி இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் சேர்த்துக் கட்டுதல். அறுவடைக்குப் பின் மழை பெய்து ஓய்ந்த சில நாட்கள் இந்த வேலைக்கு உகந்தவை.

சோதனை முடிந்தபின் அளவீடு தானாக நடக்கும். கருவி நான்கு முனைகளைத் தேர்ந்தெடுத்து, வெளியிரண்டில் மின்னோட்டத்தை ஒரு திசையில் சுமார் ஒரு விநாடி செலுத்தும். பிறகு எதிர்த்திசையில் செலுத்தும். நிலத்தில் மின்னோட்டம் செலுத்தாதபோதே சிறிய மின்னழுத்தம் இயல்பாக இருப்பதுண்டு. திசையை மாற்றி அளந்து இரண்டின் வேறுபாட்டைப் பாதியாக்கினால் அது கழிந்துவிடும். இதையே இரண்டு முதல் நான்கு முறை செய்து சராசரி எடுக்கிறார்கள். அளவீடுகள் தங்களுக்குள் ஐந்து சதவீதத்துக்கு மேல் மாறுபட்டால் அந்தப் புள்ளி சந்தேகத்துக்குரியது.

ஒரு புள்ளியின் கணக்கைப் பார்ப்போம். முனை இடைவெளி 25 மீட்டர். செலுத்திய மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர், கிடைத்த மின்னழுத்தம் 45 மில்லி வோல்ட். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.45 ஓம். வென்னர் அமைப்புக்கான வடிவக் காரணி, இடைவெளியை 6.283-ஆல் பெருக்கினால் வருவது: 157. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 71 ஓம் மீட்டர். இதற்குத் தோற்ற மின்தடை எண் என்று பெயர். நிலம் ஒரே சீராக இருந்தால் இதுவே உண்மை மதிப்பு. நிலம் அப்படி இருப்பதில்லை. மேல்மண், மக்கிய பாறை, கெட்டிப் பாறை மூன்றும் கலந்து தந்த எண் அது.

வென்னர் அமைப்பில் இந்தக் கோடு 360 புள்ளிகளைத் தரும். 5 மீட்டர் இடைவெளி அடுக்கில் 45 புள்ளிகள். இடைவெளி கூடக் கூட ஒவ்வோர் அடுக்கிலும் மூன்று மூன்றாகக் குறைந்து, 75 மீட்டர் அடுக்கில் 3 புள்ளிகளே மிஞ்சும். தாளில் குறித்தால் தலைகீழான முக்கோணம் போன்ற உருவம் கிடைக்கும்: ஆழமான தகவல் நடுவில் மட்டும், ஓரங்களில் மேலோட்டமானது மட்டும். கோட்டின் நடுவைச் சந்தேக இடத்தின்மேல் வைத்தது இதற்காகத்தான். மொத்த அளவீடும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும்.

அதே கம்பிகளைக் கழற்றாமல், கருவிக்குக் கொடுக்கும் கட்டளைப் பட்டியலை மட்டும் மாற்றி, இருமுனை-இருமுனை அமைப்பில் இன்னொரு முறை அளப்பார்கள். வென்னர் அமைப்பு படுகிடையான அடுக்குகளை நன்கு காட்டும். செங்குத்தான எல்லையை மழுக்கிவிடும். மின்னோட்டம் செலுத்தும் இணையையும் மின்னழுத்தம் அளக்கும் இணையையும் தனித்தனியே விலக்கி வைக்கும் இரண்டாவது அமைப்பு, பிளவு, மின்தடை மிகுந்த பாறைச் சுவர் போன்ற நிமிர்ந்த உருவங்களைக் கூர்மையாகக் காட்டும். அதற்கு விலை சமிக்ஞை. 5 மீட்டர் இணைகளை ஆறு மடங்கு தூரம் விலக்கினால் வடிவக் காரணி 5278. அதே 5 மீட்டரில் வென்னருக்கு 31.4. நிலம் 100 ஓம் மீட்டர், மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் என்றால் வென்னரில் 318 மில்லி வோல்ட் கிடைக்கும் இடத்தில் இங்கே கிடைப்பது 2 மில்லி வோல்ட்டுக்கும் குறைவு. உப்புத் தண்ணீருக்கும் மிதித்து இறுக்கியதற்கும் பலன் இந்த இடத்தில்தான் தெரியும். முனை அடித்தவரின் கை சுத்தமாக இருந்தால் இரண்டு மில்லி வோல்ட்டும் நிலையாக நிற்கும்.

கோடு இன்னும் நீளவேண்டுமானால் முதல் 12 கம்பிகளைப் பிடுங்கி மறுமுனையில் அடித்து, 60 மீட்டர் முன்னேறி, புதிதாகச் சேர்ந்த புள்ளிகளை மட்டும் அளப்பார்கள்.

கேபிளைச் சுருட்டும் முன், கோட்டின் நடுவில் ஓர் ஆழமறிதலும் செய்துகொள்வது நல்ல பழக்கம். இதில் ஷ்லம்பர்ஜர் அமைப்பு. உள் முனைகள் நெருக்கமாக நிலைத்திருக்க, வெளி முனைகள் மட்டும் நடுப்புள்ளியிலிருந்து 1.5 மீட்டரில் தொடங்கி 100 மீட்டரும் அதற்கு மேலும் விலகிக்கொண்டே போகும். கிடைக்கும் எண்களை இருபுறமும் மடக்கை அளவுள்ள தாளில் குறித்தால், நம் கெட்டிப் பாறை நிலத்தில் பெரும்பாலும் வளைவு முதலில் இறங்கி, மக்கிய பாறையில் அடிதொட்டு, பிறகு கெட்டிப் பாறையை உணர்ந்ததும் ஏறும். அந்த ஏற்றம் 45 பாகையை நெருங்கும். மின்சாரத்தை ஏறக்குறைய விடாத அடிப்பாறையின் கையெழுத்து அது. 45 பாகையைவிடச் செங்குத்தாக ஏறினால் அளவீட்டில் பிழை, அல்லது பக்கவாட்டில் நிலம் மாறுகிறது.

இந்த வளைவு ஒரு வரம்பையும் காட்டிவிடுகிறது. மக்கிய அடுக்கின் பருமனை அதன் மின்தடை எண்ணால் வகுத்து வரும் ஈவுதான் வளைவின் வடிவத்தை முடிவு செய்கிறது. 40 ஓம் மீட்டரில் 20 மீட்டர் பருமன் என்றால் ஈவு 0.5, 30 ஓம் மீட்டரில் 15 மீட்டர் என்றாலும் 0.5தான். இரண்டு நிலங்களும் கிட்டத்தட்ட ஒரே வளைவைத் தரும். பக்கத்துக் கிணற்றின் சுவரைப் பார்த்து வைத்தவரிடம் இந்தக் குழப்பத்துக்கு மருந்து இருக்கிறது.

அடுத்து எண்களைத் துப்புரவு செய்தல். எதிர்க்குறியில் வந்தவை, சராசரியிலிருந்து மிகவும் விலகியவை, ஒரே முனை சம்பந்தப்பட்ட எல்லா அளவீடுகளிலும் துள்ளுபவை ஆகியவற்றை நீக்கவேண்டும். கடைசி வகை, அந்தக் கம்பி சரியாக இறங்கவில்லை என்பதன் அடையாளம். முனை இணைகளின் பணியை மாற்றிச் சில புள்ளிகளை மறுபடி அளந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. செலுத்தும் இணையும் அளக்கும் இணையும் இடம் மாறினாலும் விடை ஒன்றாகவே வரவேண்டும் என்பது இயற்பியல் விதி. வேறுபட்டால் வேறுபாட்டின் அளவே பிழையின் அளவு.

சுத்தமான எண்கள் கணினிக்குப் போகின்றன. நடப்பது தலைகீழ்க் கணக்கு. கணினி நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்தடை எண்ணை ஊகித்து, அப்படிப்பட்ட நிலத்தில் நம் 360 அளவீடுகளும் என்னவாக இருந்திருக்கும் என்று கணிக்கும். களத்தில் கிடைத்ததோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும் திசையில் கட்டங்களைத் திருத்தும். மறுபடி கணிக்கும். 1996-இல் லோக், பார்க்கர் இருவரும் வெளியிட்ட விரைவான முறை இந்த வேலையைச் சாதாரண மேசைக் கணினிக்குள் கொண்டுவந்தது. நல்ல அளவீடு நான்கைந்து சுற்றில் ஐந்து சதவீத வேறுபாட்டுக்குள் அடங்கும். அதன்பிறகும் சுற்றுகளை ஓட்டி ஒரு சதவீதத்துக்கு இழுப்பது பெருமைக்குரிய செயல் அல்ல. இரைச்சலையும் பாறையென்று வரையச் சொல்வது அது.

கணக்கில் ஒரு தேர்வு ஆய்வாளரிடம் விடப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த கட்டங்கள் மென்மையாக மாறவேண்டும் என்று விதித்தால், மக்கிய மண்டலம் மெல்ல மெல்லப் பாறையாக மாறுவது நன்றாக வரும். பிளவின் விளிம்போ கரைந்து அகன்றுவிடும். திடீர் மாற்றங்களை அனுமதித்தால் விளிம்பு கூர்மையாகும். ஆனால் மெல்ல மாறும் இடங்களும் படிக்கட்டாக வெட்டுப்படும். பிளவைத் தேடும் வேலையில் இரண்டையும் ஓட்டி, இரண்டிலும் நிற்கும் உருவத்தை மட்டும் நம்புவதே முறை.

இனி படத்தைப் படித்தல். எடுத்துக்காட்டாக, தெற்குப் பக்கம் மூன்று மீட்டர்வரை 50 ஓம் மீட்டர் மேல்மண், பதினைந்து மீட்டர்வரை 80 முதல் 120 வரை மக்கிய பாறை, அதற்குக் கீழே ஆயிரத்துக்கு மேல். வடக்குப் பக்கம் அதே வரிசை, ஆனால் கெட்டிப் பாறை இருபத்திரண்டு மீட்டரில் தொடங்குகிறது. நடுவே, 110-ஆம் மீட்டர் முளைக்கும் 130-ஆம் மீட்டர் முளைக்கும் இடையில், 100 முதல் 200 ஓம் மீட்டர் உள்ள நிறம் ஒன்று கெட்டிப் பாறைக்குள் கீழ்நோக்கி இறங்கிப் படத்தின் அடிவரை போகிறது. பிளவு கிடைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றும் இடம் இது.

சொல்வதற்குமுன் மூன்று சந்தேகங்களைத் தீர்க்கவேண்டும். முதலாவது, இது வெறும் ஆழமான மக்கிய குழியாக இருக்கலாம். அப்படியென்றால் சில மீட்டர்களில் அடி தட்டி மூடிக்கொள்ளும், பக்கத்துக் கோட்டில் தொடராது. இரண்டாவது, இருபுறத்து ஏழு மீட்டர் வேறுபாடு பாறை இடம்பெயர்ந்ததால் வந்ததென்று சொல்லிவிட முடியாது. இருபுறமும் மக்கிய வேகம் வேறுபட்டிருந்தாலும் இப்படித்தான் வரும். மூன்றாவது, படத்தின் அடிப்பகுதியில் அளவீட்டின் பிடி எவ்வளவு என்பது. தொடக்க ஊகத்தை மாற்றி இருமுறை கணக்கை ஓட்டினால், விடை ஊகத்தோடு சேர்ந்து மாறும் பகுதிகள் வெளிப்படும். அவற்றை மங்கலாக்கிவிட்டுத்தான் பிறருக்குப் படத்தைக் காட்டவேண்டும்.

முதல் சந்தேகத்தைத் தீர்க்க ஐம்பது மீட்டர் கிழக்கே தள்ளி இணையாக இன்னொரு கோடு. அங்கேயும் அந்தத் தாழ்தடைப் பட்டை வந்து, இரண்டையும் இணைக்கும் நேர்கோடு செயற்கைக்கோள் படத்துப் பென்சில் கோட்டோடு பொருந்தினால், மேசையும் களமும் ஒரே சொல்லைச் சொல்கின்றன. முழு வேலையிலும் மனத்துக்கு மிகவும் நிறைவு தரும் கட்டம் இதுதான் என்பேன்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு உருவமும் உண்டு. சேலம், தருமபுரிப் பக்கம் பழைய பாறையின் வெடிப்புகளில் எரிகுழம்பு ஏறி உறைந்த டோலரைட் சுவர்கள் ஏராளம். வெடிப்பில்லாத டோலரைட் படத்தில் நிமிர்ந்த உயர்தடைச் சுவராக வரும். பிளவுக்கு நேர் எதிர் நிறம். ஆனால் அதன் இரு விளிம்புகளிலும் பாறை நொறுங்கி, மெல்லிய தாழ்தடைக் கோடுகள் இருப்பதுண்டு. நிலத்தடி நீரோட்டத்தின் மேற்புறத்தில் இச்சுவர் நீரைத் தேக்கவும் செய்யும். நடுவைத் துளைத்தால் கருங்கல் தூள் வரும். மேற்புற விளிம்பைத் துளைத்தால் நீருக்கு வாய்ப்பு. இடைவெளி ஐந்து மீட்டராக இருந்ததால்தான் விளிம்பு தனியே தெரிகிறது.

கடைசியில் துளைத்துப் பார்ப்பது. முளைக்குச்சி எண்ணைக் கொண்டு இடம் குறிக்கப்படும். நம் படத்தில் அது 120-ஆம் மீட்டர். போர் வண்டி இறங்கும்போது ஆய்வாளர் அருகில் இருக்கவேண்டும். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் வெளிவரும் தூளை ஆழவரிசையில் குவியல் குவியலாக வைப்பார்கள்: சிவப்பு மண், பழுப்பு நிறத்தில் மக்கியது, சாம்பல் நிறத்தில் புதுப்பாறை. ராடு இறங்கும் வேகம் திடீரென்று கூடும் ஆழங்கள் தனியே குறிக்கப்படும், வெடிப்புகள் அங்கேதான். கேசிங் எந்த ஆழத்தில் கெட்டிப் பாறையில் உட்கார்ந்தது என்பதும் ஓர் அளவு.

இந்த ஆழங்கள் மறுபடி கணினிக்குப் போகும். மக்கிய பாறையின் அடி எந்த மீட்டரில் முடிந்தது என்று இப்போது தெரிந்துவிட்டதால், அந்த எல்லையை நிலைநிறுத்திக் கணக்கை இன்னொரு முறை ஓட்டுவார்கள். இருபதா பதினைந்தா என்று தடுமாற வைத்த ஈவு இப்போது ஒரே விடையைத் தரும். மக்கிய அடுக்கின் உண்மை மின்தடை எண் கைக்கு வரும். அந்த எண்ணை வைத்துத் துளையே போடாத இரண்டாவது கோட்டின் ஆழங்களும் திருத்தப்படும்.